ஆசியாவை வென்ற பாடசாலை ஆசிரியர்

யாழ்ப்பாணத் தீவகத்தின் புங்குடுதீவில் மடத்துவெளி என்றொரு கிராமம் உண்டு. வாணர் தாம்போதியைக் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையை நோக்கி விரையும் நயினாதீவு யாத்திரிகர்களுள் பலருக்கு அது பேருந்து யன்னலூடாகக் கண்டு மறந்துவிடும் ஊர்களுள் ஒன்றாகவே இருக்கக்கூடும். அண்மையில் ஒரு மாலைவேளையில் அவ்வூரில் சிறுவர்கள் சிலர் உதைபந்து விளையாடிக்கொண்டிருப்பதைக் காணும் சந்தர்ப்பம் எமக்குக் கிடைத்தது. பக்கத்துக்குப் பதினொருவர் என்ற கணக்கு அங்கே இல்லை. இரு பக்கமும் சேர்த்தே பதினொருவர்தான் இருந்தனர். அவர்களுள் பாதிப்பேர் வெறுங்காலுடன் ஓடினர். பயிற்றுவிக்க ஒருவருமில்லை. பந்து எங்கு போகிறதோ அங்கெல்லாம் அனைவரும் ஒரே கூட்டமாக ஓடினார்கள்.

இளைப்பாறிய நேரத்தில் அவர்களுடன் பேச்சுக் கொடுத்தோம். மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் அவர்கள் நன்கறிவார்கள். ஐரோப்பியக் கழகங்களின் பயிற்றுவிப்பாளர்கள் பெயர்களைக்கூட ஒரு சிறுவன் வரிசையாக ஒப்புவித்தான். ஆனால் எமது அயலிலேயே, வெறுங்காலுடன் ஆடிய வீரர்களைக் கொண்டு ஆசியாவை வென்ற ஒரு பாடசாலை ஆசிரியர் இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அச்சிறுவர்களின் குற்றமன்று. அவர்களுக்கு அதனைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்பதே உண்மை. செய்யத் அப்துல் ரஹீம் என்ற அந்த மனிதரின் வாழ்வை இங்கு நினைவுகூர முற்படுவதற்குக் காரணம் அதுதான்.

ரஹீம் 1909 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17 ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். அக்காலத்தில் அந்நகரம் பிரித்தானியரின் நேரடி ஆட்சியின் கீழ் இருக்கவில்லை. நிஜாம் மன்னரின் சமஸ்தானத் தலைநகராக அது விளங்கிற்று. உருது மொழியைப் போதனாமொழியாகக் கொண்டு 1918 இல் அங்கு நிறுவப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் ரஹீம் பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்தின் ஒஸ்மானியாக் கல்லூரியை அறிந்த எமது வாசகர்களுக்கு அப்பெயர் அந்நியமானதன்று. கல்வியில் மட்டுமன்றிப் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியிலும் அவர் பெயர் பெற்றார். பின்னர் ஹைதராபாத்தின் உள்ளூர்க் கழகங்களுள் வலிமை வாய்ந்ததாகக் கருதப்பட்ட கமர் கழகத்துக்காகவும் விளையாடினார்.

எனினும் ஆட்டக்காரர் என்ற வகையில் அவர் பெரும் புகழ் ஈட்டியவர் என்று சொல்வதற்கில்லை. அவருடைய ஆட்டக்காலம் ஹைதராபாத்தின் எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிட்டது. சிறந்த ஆட்டக்காரர்களே சிறந்த பயிற்றுவிப்பாளர்களாவர் என்ற பொது நம்பிக்கைக்கு அவரது வாழ்வு ஒரு மறுப்பாகும். அவருக்குப் பயிற்றுவிக்கும் ஆற்றலைத் தந்தது ஆடுகளத்தைவிட வகுப்பறைதான் என்பதில் ஐயமில்லை.

பட்டம் பெற்ற பின்னர் ரஹீம் தேர்ந்துகொண்ட தொழில் ஆசிரியத் தொழில். கச்சிகூடா நடுநிலைப் பாடசாலை, சாதர்காட் உயர்நிலைப் பாடசாலை உள்ளிட்ட ஹைதராபாத்தின் பல பாடசாலைகளில் அவர் கற்பித்தார். இடையே உடற்கல்வியில் டிப்ளோமாப் பயிற்சியும் பெற்று, பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். வகுப்பில் ஐம்பது மாணவர் இருந்தால் ஐம்பது பேரும் ஒரே வேகத்தில் விளங்கிக்கொள்வதில்லை என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். ஒருவனுக்கு அதட்டல் வேண்டும், இன்னொருவனுக்குத் தட்டிக்கொடுத்தல் வேண்டும், மூன்றாமவனைச் சற்று நேரம் தனியே விட்டுவிட வேண்டும். ரஹீம் பிற்காலத்தில் தேசிய அணியை நடத்திய முறையும் இதுவாகவே இருந்தது என்பதை அவருடைய வீரர்கள் பலர் நினைவுகூர்ந்துள்ளனர்.

1943 ஆம் ஆண்டில் அவர் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகத் தெரிவானார். ஒலிம்பிக் டெனிஸ் வீரராகவும் துடுப்பாட்ட வீரராகவும் விளங்கிய செய்யத் முஹம்மத் ஹாதியைத் தொடர்ந்து அப்பொறுப்பு அவரிடம் வந்தது. இறக்கும் வரையில் அவர் அதனை வகித்தார். பொதுவாக விளையாட்டுச் சங்கங்களின் செயலாளர் பதவி என்றால் கூட்டங்களும் கடிதங்களும் வரவேற்பு விழாக்களுமே எமது நினைவுக்கு வரும். ரஹீம் அப்பதவியைப் பயன்படுத்திய விதம் வேறு. நகரத்தின் சிறுவர்களுக்காக அவர் புதுவகைப் போட்டிகளை ஒழுங்குசெய்தார். அவற்றுள் ஒன்றில் பந்தைத் தனியாக எடுத்துச் சென்று எதிராளியை ஏமாற்றுவதற்கே தடை. பந்து காலுக்கு வந்ததும் உடனே சகவீரனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் வலக்காலால் ஆடிப் பழகியவன் இடக்காலை மட்டுமே பயன்படுத்தலாம்.

இவை வேடிக்கைப் போட்டிகளாகத் தோன்றலாம். ஆனால் அக்கால இந்திய உதைபந்தாட்டத்தின் பெருங்குறை இரண்டையும் அவை நேராகத் தாக்கின. பந்தைத் தன்னிடமே வைத்திருந்து ஐந்து பேரைக் கடந்து சென்று கைதட்டல் பெறுவதே அன்று திறமையாகக் கருதப்பட்டது. பந்து வெகு தூரத்துக்கு உதைக்கப்பட்டு அதன் பின்னால் அனைவரும் ஓடுவதே ஆட்டமுறையாக இருந்தது. மடத்துவெளியில் நாம் கண்ட காட்சியும் இதுதானே! பந்தைப் பிறருக்குக் கொடுப்பதே ஆட்டத்தின் உயிர் என்பதைச் சிறுவயதிலேயே பழக்கிவிட வேண்டும் என்று ரஹீம் கருதினார். அறிவுரை சொல்லி அதனைப் பழக்க முடியாது என்பதை ஆசிரியரான அவர் அறிந்திருந்தார். எனவே ஆட்டத்தின் விதியையே மாற்றி அதனைப் பழக்கினார். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும்.

இந்நிலையில் 1948 செப்டெம்பரில் இந்தியப் படைகள் ஹைதராபாத்தினுள் நுழைந்தன. நிஜாமின் ஆட்சி முடிவுக்கு வந்து சமஸ்தானம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. அம்மாற்றத்தின்போது அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் பெரும் அச்சத்துக்கும் இழப்புக்கும் ஆளாகினர். பலர் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தனர். நேற்றுவரை தமதென்று எண்ணிய நகரத்தில் இனித் தமக்கு இடமுண்டா என்ற கேள்வி அவர்கள் முன் நின்றது. ரஹீம் எங்கும் செல்லவில்லை. தமது நகரத்திலேயே, தமது மைதானத்திலேயே நின்றார். 1950 இல் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுவிப்பாளர் பொறுப்பு அவரிடம் வந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை இந்திய உதைபந்தாட்ட வரலாற்றின் பொற்பக்கங்கள். அக்காலத்தில் இந்திய உதைபந்தாட்டம் என்றாலே கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், மொஹமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களுக்கும் வெளியே பெரிய ஆட்டம் உண்டென்று எவரும் கருதியதில்லை. அந்நிலையில் ஹைதராபாத் பொலிஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை தொடர்ச்சியாக ஐந்து தடவைகள் வென்றது. இந்தியாவின் மிகப் பழைமை வாய்ந்த தொடரான டூரண்ட் கிண்ணத்தை 1950 இல் மோகன் பகான் அணியை வீழ்த்திக் கைப்பற்றியது. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணத்தையும் ஹைதராபாத் 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் அடுத்தடுத்து வென்றது. ஒரு நகரத்தின் பொலிஸ்காரர்களும் பாடசாலைப் பையன்களும் கல்கத்தாவின் பெருங்கழகங்களுக்கு ஈடுகொடுக்கலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

தேசிய அணியின் பொறுப்பும் இக்காலத்தில் அவரிடம் வந்து சேர்ந்தது. 1951 மார்ச்சில் புதுடில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழா அவருக்கு முதற்பெரும் சோதனை. சைலன் மன்னாவின் தலைமையிலான இந்திய அணி இந்தோனேஷியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா மூன்று கோல்களால் வென்று இறுதிப் போட்டிக்குச் சென்றது. அங்கு ஈரானை எதிர்த்து சாஹு மேவாலால் அடித்த ஒரேயொரு கோல் இந்தியாவுக்குத் தங்கப்பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தது. சுதந்திரம் பெற்று நான்காண்டுகூட ஆகாத ஒரு நாட்டுக்கு அது எத்தகைய மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா ஒன்றுக்குப் பத்து என்ற கோல் கணக்கில் தோற்றது. இந்திய வீரர்கள் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். பின்லாந்தின் குளிரிலும் ஈரத் தரையிலும் வெறுங்கால் வழுக்கியது, விறைத்தது. நான்காண்டுகளுக்கு முன்னர் லண்டனில் பிரான்ஸை எதிர்த்து வெறுங்காலுடன் ஆடி மயிரிழையில் தோற்றபோது உலகம் அதனை வியந்து பாராட்டியது. அந்த வியப்பே ஒரு மயக்கமாகிவிட்டதை ஹெல்சிங்கி உணர்த்தியது. அதன் பின்னரே சப்பாத்து அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது.

இத்தகைய தோல்வியின் பின்னர் பழியைப் பிறர்மேல் சுமத்துவது எளிது. ரஹீம் தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொண்டார். அதே விழாவில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஆட்டம் உலகெங்குமுள்ள பயிற்றுவிப்பாளர்களின் சிந்தனையை மாற்றியமைத்தது. குறுகிய தூரத்துக்குப் பந்தைக் கொடுத்து வாங்குதல், ஓடிக்கொண்டே இடத்தை மாற்றுதல், மத்திய முன்கள வீரர் பின்வாங்கி நின்று எதிரணியின் காவலைக் குழப்புதல் ஆகிய முறைகளை அவர் தமது வீரர்களுக்குப் பழக்கினார். நான்கு பின்கள வீரர், இரு நடுக்கள வீரர், நான்கு முன்கள வீரர் என்ற 4-2-4 அமைப்பை 1958 உலகக் கிண்ணத்தில் பிரேசில் உலகப் புகழ்பெறச் செய்தது. அதற்கு முன்னரே அதன் சாயலை ரஹீம் கையாண்டார் என விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர்.

அக்காலத்தில் எமது நாடும் இவ்வாட்டத்துக்குப் புறம்பாக இருக்கவில்லை. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் பங்குகொண்ட நாற்கோணத் தொடர் 1952 இல் கொழும்பில்தான் ஆரம்பமானது. இந்தியாவும் பாகிஸ்தானும் அவ்வாண்டுக் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. பிரிவினையின் குருதி காய்ந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த நிலையில் அவ்விரு நாடுகளும் ஒரே கிண்ணத்தை ஏந்திய இடம் எமது தலைநகரம் என்பது இன்று பலருக்கும் தெரியாத செய்தி.

ரஹீமின் வாழ்வில் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பகுதி துளசிதாஸ் பலராம் பற்றியது. செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் ஏழைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் பலராம். உள்ளூர் மைதானங்களில் அவர் ஆடுவதைக் கண்ட ரஹீம் பயிற்சி முகாமுக்கு வருமாறு அழைத்தார். நாள்தோறும் ஹைதராபாத்துக்கு வந்துபோகப் பலராமிடம் பணமில்லை. ஏழைப் பையன்களின் திறமை பெரும்பாலும் இவ்விடத்திலேயே முடிந்துவிடுவது வழக்கம். வாடகைச் சைக்கிளுக்கான பணத்தை ரஹீமே கொடுத்து அவரை வரவழைத்தார். பலராம் தமது முதுமையிலும் இதனை மறவாமல் நினைவுகூர்ந்தார். சில நாணயங்கள் கைமாறியிராவிட்டால் இந்தியா கண்ட மிகச்சிறந்த முன்கள வீரர்களுள் ஒருவர் யாருமறியாது போயிருப்பார். 1956 இல் மெல்பேர்ண் சென்ற அணியில் அந்த இளைஞர் இடம்பெற்றார்.

மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் முதலாவது எதிரணியான ஹங்கேரி போட்டியிலிருந்து விலகியதால் இந்தியா நேரடியாகக் காலிறுதியில் ஆடியது. டிசெம்பர் முதலாம் திகதி அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்களை அடித்து, ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஹெட்ரிக் சாதனை புரிந்த முதலாவது ஆசியரானார். அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. ஹெல்சிங்கியில் பத்துக் கோல்களை வாங்கிய அதே இந்தியா இம்முறை இரண்டாம் பாதியின் ஆரம்பத்தில் முதற்கோலை அடித்து முன்னிலை பெற்றது. இறுதியில் ஒன்றுக்கு நான்கு எனத் தோற்றது உண்மையே. மூன்றாமிடத்துக்கான போட்டியிலும் பல்கேரியாவிடம் தோல்வியே கிட்டியது. ஆயினும் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதி வரை சென்ற முதலாவது ஆசிய நாடு என்ற பெருமையை எவராலும் பறிக்க முடியவில்லை.

1960 இல் ரோமில் இன்னொரு சோதனை. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகியவை அடங்கிய கடினமான பிரிவில் இந்தியா இடம்பெற்றது. ஹங்கேரியிடம் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் தோற்றது. பிரதீப் குமார் பானர்ஜி அடித்த கோலினால் பிரான்ஸுடன் சமநிலை கண்டது. பெருவிடம் தோற்றுத் திரும்பியது. தமிழகத்தின் சைமன் சுந்தரராஜும் ரஹீமின் சொந்த மகனான செய்யத் ஷாஹித் ஹக்கீமும் அவ்வணியில் இருந்தனர். ஆனால் தந்தை பயிற்றுவிப்பாளராக இருந்தும், மகனுக்கு ஒரு போட்டியிலேனும் களமிறங்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. உறவினருக்காகத் தெரிவுப் பட்டியல்கள் திருத்தப்படும் காலத்தில் வாழும் நாம் இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரஹீமின் வாழ்வின் உச்சம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழா. அப்போது அவருடைய நுரையீரலைப் புற்றுநோய் பற்றியிருந்தது. இருந்தும் அவர் அணியுடன் சென்றார். அவர் அழைத்துச் சென்ற அணியைச் சற்று உற்று நோக்குதல் தகும். தலைவர் சுனி கோஸ்வாமி கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். பின்களத்தின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங், பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து தப்பிவந்த சீக்கியக் குடும்பத்தின் பிள்ளை. கோல் காப்பாளர் பீற்றர் தங்கராஜ் ஒரு கிறிஸ்தவர். யூசுப் கான் ஹைதராபாத் முஸ்லிம். பிராங்கோ கோவாவைச் சேர்ந்தவர். ராம் பகதூர் இமயத்தின் அடிவாரத்திலிருந்து வந்தவர். பலராமும் அருமைநாயகமும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். பிரிவினையில் அகதியான ஒரு சீக்கியர், ஒரு முஸ்லிம் ஆசிரியரின் சொல்லுக்காகத் தம் உயிரையே பணயம் வைத்து ஆடினார் என்பது சாதாரண விடயமன்று.

முதற்போட்டியில் தென்கொரியாவிடம் இந்தியா இரு கோல்களால் தோற்றது. அடுத்து தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என வென்றபோது ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டுத் தையல்கள் போடப்பட்டன. ஜப்பானை இரு கோல்களால் வென்று இந்தியா அரையிறுதியை அடைந்தது. தலையில் கட்டுடன் இருந்த பின்கள வீரரை இனி எவ்வாறு பயன்படுத்துவது? ரஹீம் எடுத்த முடிவு அனைவரையும் வியக்க வைத்தது. ஜர்னைல் சிங்கை அவர் மத்திய முன்கள வீரராக நிறுத்தினார். இளமையில் அவர் முன்களத்தில் ஆடியவர் என்பதை ரஹீம் மறந்திருக்கவில்லை. அரையிறுதியில் தென்வியட்நாமை மூன்றுக்கு இரண்டு என வென்றபோது ஜர்னைலும் ஒரு கோல் அடித்தார்.

இதற்கிடையே ஜகார்த்தாவில் அரசியல் சூறாவளி வீசிக்கொண்டிருந்தது. இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேஷியா விழாவுக்கு அனுமதிக்காமை குறித்து ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தின் இந்தியப் பிரதிநிதி குரு தத் சோந்தி ஆட்சேபம் தெரிவித்ததே அதற்குக் காரணம். ஆத்திரமுற்ற கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. அரசியலில் எப்பங்கும் இல்லாத விளையாட்டு வீரர்கள் அதன் விலையைச் செலுத்த நேர்ந்தது. செப்டெம்பர் 4 ஆம் திகதி இறுதிப் போட்டியன்று செனாயன் அரங்கில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டிருந்தனர். இந்திய தேசிய கீதம் இசைக்கப்பட்டபோது கூச்சல் எழுந்தது. அந்த வேளையில் பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் பார்வையாளர் பகுதியில் அமர்ந்து இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தனர் என்பதை இந்திய வீரர்கள் பின்னாளில் நன்றியுடன் பதிவுசெய்துள்ளனர்.

எதிரணி, 1956 இலும் 1960 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றிருந்த தென்கொரியா. சில தினங்களுக்கு முன் இந்தியாவைத் தோற்கடித்த அதே அணி. போட்டிக்கு முதல் நாளிரவு ரஹீம் தமது வீரர்களிடம் தமக்கென ஒரு பரிசை மட்டும் கேட்டார் என்பர். அப்பரிசு தங்கப்பதக்கம். அவருடைய நோயின் கடுமையை அவர்களுட் சிலரே அறிந்திருந்தனர். காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜ் கோல் காப்பாளராகத் திரும்பினார். தலையில் கட்டுடன் ஜர்னைல் முன்களத்தில் நின்றார். ஆட்டத்தின் முதல் இருபது நிமிடங்களுக்குள் பானர்ஜி ஒரு கோலையும் ஜர்னைல் ஒரு கோலையும் அடித்தனர். கொரியா இறுதிக் கட்டத்தில் ஒரு கோலை மாத்திரமே திருப்ப முடிந்தது. இந்தியா இரண்டுக்கு ஒன்று என வென்றது. கேட்ட பரிசை மாணவர்கள் ஆசிரியரிடம் ஒப்படைத்தனர்.

அதன் பின்னர் ஒன்பது மாதங்களே அவர் உயிர் வாழ்ந்தார். 1963 ஜூன் 11 ஆம் திகதி, 53 ஆவது வயதில், மர்ஹூம் ரஹீம் இவ்வுலகை நீத்தார்.

அவருடைய மறைவுடன் ஒரு மனிதர் மட்டும் மறையவில்லை. அவர் கற்பித்த முறைகள் பெரும்பாலும் அவர் மனத்திலும் மாணவர் கால்களிலுமே இருந்தன. அவற்றை ஒழுங்காகத் தொகுத்து அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் நிறுவனம் எதனையும் இந்திய உதைபந்தாட்ட நிர்வாகம் உருவாக்கவில்லை. சில ஆண்டுகள் அவர் வளர்த்த வீரர்களின் திறமை அணியைத் தாங்கியது. 1964 ஆசியக் கிண்ணத்தில் இரண்டாமிடம் கிட்டியது. 1970 இல் பாங்கொக்கில் வெண்கலம் கிட்டியது. அதன் பின்னர் ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியாவுக்குப் பதக்கமில்லை. 1960 ரோமுக்குப் பின்னர் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்கு இந்தியா தகுதி பெற்றதுமில்லை. உலகின் மிகப்பெரும் சனத்தொகை கொண்ட நாடு, ஒரு பாடசாலை ஆசிரியர் எட்டிய இடத்தை அறுபதாண்டுகள் கடந்தும் மீண்டும் எட்டவில்லை.

அவருடைய பெயரும் நெடுங்காலம் மறக்கப்பட்டே கிடந்தது. பயிற்றுவிப்பாளர்களுக்கென இந்திய அரசு 1985 இல் ஏற்படுத்திய துரோணாச்சாரியார் விருது அவருக்கு அளிக்கப்படவில்லை. 2024 இல் அவரது வாழ்வைத் தழுவி ஓர் இந்தித் திரைப்படம் வெளியான பின்னரே புதிய தலைமுறையினர் பலர் அவர் பெயரைக் கேள்வியுற்றனர். ஆனால் அப்படத்தைக் காண மகன் ஹக்கீம் இருக்கவில்லை. அவர் 2021 இலேயே காலமானார். பலராமும் 2023 பெப்ரவரியில் கண்மூடினார். நினைவுகூர வேண்டியவர்கள் மறைந்த பின்னர் நினைவுகூரும் வழக்கம் எமது நாடுகள் அனைத்துக்கும் பொதுவானது போலும்.

இவ்வாழ்வு எமக்குச் சொல்வது என்ன? முதலாவது, பெரும் பணமோ பெரும் மைதானமோ இல்லாத இடத்திலும் ஓர் ஆசிரியர் மனம்வைத்தால் ஆட்டம் வளரும். தீவகத்தின் மக்கள் தொகை போரினாலும் இடப்பெயர்வினாலும் வெகுவாகக் குறைந்துவிட்டது. 1990 இல் தொடங்கிய இடப்பெயர்வில் ஊரை விட்டவர்களுட் பலர் இன்று கனடாவிலும் பிரான்ஸிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். பாடசாலைகளில் பிள்ளைகள் குறைவு. ஆனால் ரஹீம் வகுத்த சிறுவர் போட்டிகளுக்குப் பிள்ளைகளின் தொகையோ பணமோ தடையில்லை. பக்கத்துக்கு ஐவர் இருந்தாலும் பந்தைப் பகிரப் பழக்கலாம், இடக்காலைப் பழக்கலாம். அதற்கு மாலையில் ஒரு மணிநேரம் மைதானத்தில் நிற்க ஒருவர் வேண்டும். ஊருக்கு நிதியனுப்பும் புலம்பெயர் உறவுகள் கிண்ணங்களுக்கும் பரிசளிப்பு விழாக்களுக்கும் செலவிடுவதில் ஒரு பங்கையேனும் அத்தகைய ஒருவரைப் பயிற்றுவிப்பதற்கும் ஊக்குவிப்பதற்கும் ஒதுக்கலாம்.

இரண்டாவது, ஓர் அணியில் நம்பிக்கை எவ்வாறு உருவாகிறது என்பது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் மாத்திரம் வெறுமையாகவில்லை. தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் ஒன்றாக ஆடிய மைதானங்களும் பாதி வெறுமையாயின. அந்தக் காயம் முற்றாக ஆறிவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார். அதே காலத்தில் தீவகத் தமிழ் மக்களும் தமது ஊர்களை இழந்து அலைந்தனர். இழப்பின் சுவை இரு சாராருக்கும் தெரியும். ஹைதராபாத்தின் வீழ்ச்சியைக் கண்ட ரஹீமும் பஞ்சாபின் பிளவைக் கண்ட ஜர்னைலும் அதே சுவையை அறிந்தவர்கள்தான். அவர்கள் தமது இழப்புகளைப் பற்றி மேடைகளில் பேசி ஒன்றுசேரவில்லை. ஒருவர் கொடுத்த பந்தை மற்றவர் வாங்கிப் பழகியதால் ஒன்றுசேர்ந்தனர்.

மூன்றாவதே எமக்குக் கவலை தருவது. ஓர் ஆசிரியர் எதனையும் தொடக்கிவைக்கலாம். அதனை நிலைக்கச் செய்ய அவரால் மட்டும் முடியாது. ரஹீமின் பின்னர் இந்தியா கண்ட வீழ்ச்சி அதற்குச் சாட்சி. எமது பாடசாலைகளிலும் ஓர் ஆர்வமுள்ள ஆசிரியர் இருக்கும்வரை அணி பிரகாசிக்கும். அவர் இடமாற்றம் பெற்றதும் அல்லது ஓய்வு பெற்றதும் வலைகள் கிழிந்து தொங்கும். வலயக் கல்வி அலுவலர்களும் பழைய மாணவர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். நல்லாசிரியர் ஒருவர் பணியாற்றும்போதே அவரருகில் இன்னும் இருவரைப் பழக்கிவைத்தல் அவசியம்.

மடத்துவெளியில் அன்று மாலை இருள் கவியத் தொடங்கியதும் சிறுவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு கலைந்தனர். விடைபெறுமுன் அவர்களிடம் ரஹீமின் சிறுவர் போட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னோம். இடக்காலால் மட்டுமே ஆடும் ஆட்டமா என்று ஒருவன் சிரித்தான். மற்றொருவன் மட்டும் வீடு திரும்பும் வழியெல்லாம் பந்தை இடக்காலால் தட்டிக்கொண்டே போனான். பந்து அடிக்கடி வேலியோரம் ஓடியது. அவன் ஒவ்வொரு முறையும் அதனைத் தேடி எடுத்துவந்து மீண்டும் தட்டினான். அவனுக்கு வேண்டியது ஓர் ஆசிரியர்.